இழுபடும் வண்டியின் ரயர்கள்

என் தமக்கையின் மகன் மன்னாரில் ஒரு ரெயிலர் வைத்துத் தொழில் செய்கிறான். இரண்டு அச்சும் நான்கு சில்லும் கொண்ட, இரும்புத் தளம் போட்ட இழுவைப் பெட்டி அது. நடுவழியில் பழுதாகி நின்ற கார், வான், முச்சக்கர வண்டி, வயலுக்குப் போகும் லாண்ட்மாஸ்ரர், சில வேளைகளில் பேசாலையிலிருந்து திருத்த வேலைக்குப் போகும் கண்ணாடி இழைப் படகு என எதையும் ஏற்றித் தன் பிக்கப் வாகனத்தின் பின்னால் கட்டி இழுத்துச் செல்வான். (தமிழகத்து அன்பர்கள் டயர், டிரெய்லர் என்று எழுதுவதை நாங்கள் ரயர், ரெயிலர் என்றே எழுதிப் பழகிவிட்டோம். பொறுத்தருள்க.)

அவனுக்கு இந்தத் தொழிலைத் தேடிக்கொடுத்தது நாட்டின் பொருளாதார நெருக்கடி என்றே சொல்லவேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளும் இலங்கையர்கள் தம்மிடமிருந்த பழைய வாகனங்களையே திருத்தித் திருத்தி ஓட்டினார்கள். பழைய வாகனம் ஓடினால் பழுதாகும். மன்னாரிலிருந்து மதவாச்சி செல்லும் வீதியிலோ பூநகரி செல்லும் வீதியிலோ பழுதானால் கராஜ் ஒன்றைக் காணப் பல மைல் போகவேண்டும். ஆகவே ஏற்றிச் செல்ல ஒருவன் தேவைப்பட்டான்.

2023 ஆம் ஆண்டில் ஒருநாள் காலை, ஒரு வானை ஏற்றிக்கொண்டு முருங்கனைத் தாண்டி வந்துகொண்டிருந்தபோது, ரெயிலரின் பின் இடது ரயர் வெடித்தது. வான் விழவில்லை. ரெயிலரும் கவிழவில்லை. ஆனால் ரயரின் மேற்பட்டை நீளமாக உரிந்து, சவுக்குப் போலச் சுழன்று வீதியோரம் பறந்தது. அங்கே மீன்பெட்டி கட்டிய துவிச்சக்கரவண்டியில் வந்துகொண்டிருந்த முதியவர் ஒருவர் அதற்கு ஒதுங்கி வாய்க்காலுக்குள் விழுந்தார். முழங்கையில் சிராய்ப்பு, ஒரு நாளின் மீன் நட்டம். அத்தோடு போயிற்று. அவர் ஓர் அடி முன்னே வந்திருந்தால் நான் எழுதுவது வேறு கட்டுரையாக இருந்திருக்கும்.

"பூட்டேக்குள்ள புதுசு மாதிரித்தான் இருந்தது, மாமா" என்றான் மருமகன். அவன் பொய் சொல்லவில்லை. வெடித்த ரயரின் மிச்சத்தை நான் பார்த்தேன். மேற்பட்டையின் வெட்டுகள் ஆழமாக, தேயாமல்தான் இருந்தன. ஆனால் அதன் பக்கச்சுவரில், நீள்வட்டக் கட்டம் ஒன்றுக்குள் 2611 என்ற நான்கு இலக்கங்கள் இருந்தன. 26 ஆவது கிழமை, 2011 ஆம் ஆண்டு என்பது அதன் பொருள். பன்னிரண்டு வயதான ரயர். பழைய ரயர் விற்கும் ஒரு கடையில், நல்ல நிலையிலுள்ளது என்று சொல்லி விற்றிருக்கிறார்கள்.

பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளைக் கழித்தவன் நான். ஒரு செய்தி மேசைக்கு வந்தால் முதலில் திகதியைப் பார், பிறகு மூலத்தைப் பார் என்பது எங்கள் பாலபாடம். ரயருக்கும் அதுவே பாலபாடம் என்று அன்று அறிந்துகொண்டேன். 2000 ஆம் ஆண்டிலிருந்து செய்யப்படும் ரயர்களில், டி.ஓ.ரி. என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கங்கள் பிறந்த கிழமையையும் ஆண்டையும் சொல்லும். அதற்கு முந்திய ரயர்களில் மூன்று இலக்கங்களே இருக்கும். அப்படி ஒன்றைக் கண்டால் மேற்கொண்டு எதையும் பார்க்க வேண்டியதில்லை.

காரின் ரயர் பெரும்பாலும் தேய்ந்து சாகிறது. ரெயிலரின் ரயரோ தேய்வதற்கு முன்னரே மூப்படைந்து சாகிறது. இறப்பர் காற்றிலுள்ள ஒட்சிசனாலும் ஓசோனாலும் வெயிலாலும் மெல்ல மெல்ல இறுகி வெடிக்கும் பொருள். அதைத் தடுக்க உற்பத்தியாளர்கள் மெழுகும் வேறு இரசாயனங்களும் கலக்கிறார்கள். ரயர் உருண்டு நெளியும்போது அவை உள்ளிருந்து மேற்பரப்புக்குக் கசிந்து காவல் செய்கின்றன. நாள்தோறும் ஓடும் காருக்கு இது தானாக நடக்கிறது. வாரக்கணக்கில் முற்றத்தில் நிற்கும் ரெயிலருக்கு நடப்பதில்லை. அதுவும் மன்னார் முற்றம் எப்படிப்பட்டது என்பதை நமது ஊரவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பனையைத் தவிர நிழல் அரிது. உப்புக் காற்றும் மணலும் வெயிலும் ஆண்டின் பெரும்பகுதி. இந்த வெயிலில் நின்ற ரயரின் வயதைக் கண்ணால் மதிப்பிட முடியாது. கறுப்பு மை பூசிப் பளபளப்பாக்கிவிட்டால் பிறகு கேட்கவே வேண்டாம்.

வெடித்த ரயரைவிட என்னைச் சிந்திக்க வைத்தது மருமகனின் மனநிலை. வெடித்ததற்கு மாற்றாக இன்னொரு பழைய ரயரையே பூட்டிக்கொண்டு இன்னும் இரண்டு ஆண்டுகள் ஓடினான். "ஓடும்வரை ஓடட்டும்" என்பது அவன் வாக்கு. இந்த வாக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

2007 இலும் 2008 இலும் மன்னார்ப் பெருநிலப்பரப்பின் கிராமங்கள் ஒவ்வொன்றாக இடம்பெயர்ந்தன. என் தமக்கையின் குடும்பமும் அவற்றுள் ஒன்று. வீட்டுக் கூரைத் தகரம், நெல் மூட்டை, கோழி, கிழவி, குழந்தை எல்லாம் உழவு இயந்திரப் பெட்டியில்தான் சென்றன. அந்தப் பெட்டியின் மேல் அமர்ந்து வடக்கேயும் பின்னர் கிழக்கேயும் போன பதினைந்து வயதுச் சிறுவன்தான் இன்று ரெயிலர் இழுப்பவன். அக்காலத்தில் ரயர் நகைக்குச் சமம். வெடித்த இடத்தில் உட்புறமாகப் பழைய ரயர்த் துண்டொன்றை வைத்து, அதன்மேல் ரியூப்பை ஏற்றிக் காற்றடித்து ஓட்டினார்கள். நூல் தெரியும்வரை ஓட்டினார்கள். எறிவதற்கு எதுவும் இருக்கவில்லை. அப்படி ஓடிய ரயர்கள்தான் பல குடும்பங்களை உயிரோடு கொண்டுவந்து சேர்த்தன. அந்தத் திறமையை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

ஆனால் அன்றைய பெட்டி எந்த வேகத்தில் போயிற்று? குழியும் சேறும் கிரவலுமான வழியில், மணிக்கு பத்தோ பதினைந்தோ கிலோமீற்றர். அந்த வேகத்தில் ரயர் சூடாவதில்லை. வெடித்தாலும் பெட்டி சரிந்து நிற்கும், அவ்வளவே. போருக்குப் பின் நிலைமை மாறிற்று. 1990 இல் தகர்க்கப்பட்ட மன்னார்ப் பாலத்துக்குப் பதிலாக யப்பான் உதவியுடன் கட்டிய புதிய பாலம் 2010 இல் திறக்கப்பட்டது. 2011 சனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தபின் மன்னாரிலிருந்து பூநகரி வழியே யாழ்ப்பாணம் போவது எளிதாயிற்று. வீதிகளுக்குக் 'காபெற்' போட்டார்கள். வளைவற்று நேராக ஓடும் அந்த வீதிகளில் 80 கிலோமீற்றர் வேகம் ஒரு பொருட்டே இல்லை. வீதி மாறிவிட்டது. ரயர் பற்றிய நமது மனம் மட்டும் இன்னும் கிரவல் வீதியிலேயே நிற்கிறது. சிக்கனம் என்று நாம் கற்றுக்கொண்ட ஒன்று, வேகம் வந்தபின் ஆபத்தாக மாறிவிட்டது என்பதே நான் சொல்ல வந்த செய்தி.

ரயரைக் கொல்வது வெப்பம். பாரம் அழுத்த, ரயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை நசிந்து நிமிர்கிறது. ஒரு கிலோமீற்றரில் ஐந்நூறு தடவைக்கு மேல் நசிகிறது. நசிதல் வெப்பமாகிறது. காற்றுக் குறைந்தால் நசிதல் கூடும், பாரம் கூடினாலும் கூடும், வேகம் கூடினால் வெப்பம் வெளியேற நேரமில்லாது போகும். உள்ளே உருக்குக் கம்பி வலையையும் இறப்பரையும் ஒட்டி வைத்திருக்கும் பிணைப்பு இளகி, மேற்பட்டை உரிந்துவிடும்.

செல்வந்த நாடுகளிலும் இது நடந்திருக்கிறது. 2000 ஆம் ஆண்டு ஓகஸ்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்ரோன் நிறுவனம் 65 இலட்சம் ரயர்களைத் திரும்பப் பெறவேண்டி வந்தது. பெரும்பாலும் ஃபோர்ட் எக்ஸ்புளோரர் வாகனங்களில் பூட்டப்பட்ட அந்த ரயர்களின் மேற்பட்டை உரிந்து நேர்ந்த விபத்துகளில் 270 க்கும் மேற்பட்டோர் இறந்ததாக அந்நாட்டு அதிகாரிகள் கணக்கிட்டனர். வெப்பமான மாநிலங்களில், வேகமாக ஓடும்போது நிகழ்ந்தவை அவற்றுள் பல. குற்றம் ரயரிலா, வாகனத்திலா, பரிந்துரைத்த காற்றழுத்தத்திலா என்று இரு நிறுவனங்களும் நெடுநாள் வாதாடின. அந்த ஆண்டே புதுச் சட்டம் வந்தது. அதன் பயனாக அந்நாட்டின் புதிய கார்களில் காற்றுக் குறைந்தால் எச்சரிக்கும் விளக்கு கட்டாயமாயிற்று. பின்னால் இழுபடும் ரெயிலரை அந்தக் கட்டாயம் தொடவில்லை.

இங்கேதான் காருக்கும் ரெயிலருக்கும் உள்ள பெரிய வேற்றுமை. காரில் ஒரு ரயர் சோர்ந்தால் சுக்கான் இழுக்கும், இருக்கை அதிரும், ஓட்டுபவனுக்கு உடனே தெரியும். ரெயிலரின் பின் ரயர் சோர்ந்தால் முன்னால் இருப்பவனுக்கு எதுவும் தெரியாது. இரண்டு அச்சுகள் இருப்பதால் பக்கத்து ரயர் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும். தாங்குகின்ற அதுவும் அளவுக்கு மேல் சூடாகும். புகை வந்த பின்னரோ, எதிரே வருபவர் கைகாட்டிய பின்னரோதான் தெரியவரும். எனவே ரெயிலரின் ரயரைப் பற்றிய முடிவுகள் எல்லாம் புறப்படுமுன்னரே எடுக்கப்படவேண்டியவை.

2025 இல் மருமகன் நான்கு ரயர்களையும் மாற்றுவதென்று ஒருவாறு இணங்கினான். பாதிப் பணம் ரொறன்ரோவில் இருக்கும் அவனது தமையன் தந்தான். பணத்தோடு ஓர் ஆலோசனையும் வந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் ரெயிலருக்கென்றே தனியாக எஸ்.ரி. என்ற எழுத்துகளோடு தொடங்கும் ரயர்கள் உண்டு, அவற்றையே கப்பலில் அனுப்புகிறேன் என்றான். அவை நல்ல ரயர்களே. பக்கச்சுவர் விறைப்பானது. இரட்டை அச்சு ரெயிலர் ஒடித்துத் திரும்பும்போது ரயர்கள் பக்கவாட்டில் அரைபடும். அதைத் தாங்கும்படி செய்யப்பட்டவை. ஆனால் தலைமன்னாரில் ஓர் எஸ்.ரி. ரயர் வெடித்தால் அதற்குச் சோடி எங்கே கிடைக்கும்? நம்பத்தகுந்த ரயர் என்பது தானே நல்லதாக இருந்தால் போதாது. வெடித்த அன்று மாலையே மன்னாரிலோ வவுனியாவிலோ அதே அளவில் இன்னொன்று வாங்கக்கூடியதாகவும் இருக்கவேண்டும்.

பிறகு கணக்குப் போட்டோம். ரெயிலரின் சொந்த எடை 800 கிலோ. அவன் ஏற்றும் வான் 1,800 கிலோ. கூட்டினால் 2,600. இதில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு இழுக்கும் வாகனத்தின் கொக்கியில் அமரும். மிகுதி 2,340 கிலோ நான்கு ரயர்களுக்கு. சமமாகப் பிரிந்தால் ஒன்றுக்கு 585. ஆனால் பாரம் ஒருபோதும் சமமாகப் பிரிவதில்லை. வீதியில் ஒரு மேடு வந்தால் கணப்பொழுதுக்கு ஓர் அச்சே பெரும்பகுதியைச் சுமக்கிறது.

அதுவரை அவன் பூட்டியிருந்தவை சிறிய காரின் ரயர்கள். பாரச் சுட்டெண் 82. ரயரின் அளவுக்குப் பக்கத்தில் இந்த எண் இருக்கும். 82 என்றால் 475 கிலோ. நான்கும் சேர்ந்து 1,900 கிலோதான் தாங்கும். வானை ஏற்றிய ஒவ்வொரு நாளும் அவன் அந்த எல்லையைத் தாண்டியே ஓடியிருக்கிறான். வெடித்தது வயதினால் மட்டுமன்று என்பது இந்தச் சின்னக் கணக்கில் வெளிப்பட்டது. கணக்கைப் பார்த்தபின் அவன் நெடுநேரம் பேசவில்லை.

நாங்கள் தேர்ந்தது 195 ஆர் 14 சி என்ற அளவு. சிறு வான்களுக்குப் பூட்டும், ரயர்க் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் அளவு அது. கடைசியிலுள்ள சி என்ற எழுத்து பாரவண்டிக்கு உரியது என்பதைக் குறிக்கும். பாரச் சுட்டெண் 106, அதாவது 950 கிலோ. நான்குக்கும் 3,800. தேவைக்கு மேல் கணிசமான இருப்பு உண்டு. எட்டு 'பிளை' என்று அதில் எழுதியிருப்பதை எட்டு அடுக்கு என்று பலர் நினைக்கிறார்கள். பழைய காலத்துப் பருத்தி நூல் அடுக்கு எட்டுக்கு ஈடான வலிமை என்பதே இன்று அதன் பொருள். ரயருக்கு ஏற்ப றிம்மும் அந்தப் பாரத்தைத் தாங்கவேண்டும் என்பதால் றிம்களையும் மாற்றினோம். ஒரே நிறுவனத்தின் ஒரே வகை, நான்கோடு மேலதிகமாக ஒன்று, ஐந்தும் ஓராண்டுக்குள் பிறந்தவை. கடைக்காரர் முதலில் எடுத்துவந்த ஐந்தில் ஒன்று மூன்று ஆண்டு பழையது. இலக்கத்தைக் காட்டினோம். மறுபேச்சின்றி மாற்றித் தந்தார்.

கடையில் மருமகன் ஒரு கேள்வி கேட்டான். காற்றே தேவையில்லாத திண்ம ரயர்களைச் செய்து ஏற்றுமதி செய்வதில் உலகில் முன்னணியில் நிற்கும் நாடு நம் நாடு, அதைப் பூட்டினால் வெடிக்கவே வெடிக்காதே என்றான். நியாயமான கேள்விதான். ஆனால் திண்ம ரயர் பண்டசாலைகளில் மெதுவாக ஊரும் பாரந்தூக்கிகளுக்கானது. நெடுவீதி வேகத்தில் ஓடினால் அதன் உள்ளே சேரும் வெப்பம் வெளியேற வழியில்லை. மேற்பட்டை மாற்றி வார்த்த 'ரீபில்ட்' ரயர்களைப் பற்றியும் கேட்டான். நல்ல நிறுவனம் நல்ல உடலைத் தேர்ந்து செய்தால் லொறிகளில் அவை ஒழுங்காக உழைக்கின்றன. நமக்கோ அந்த உடலின் வயதும் வரலாறும் தெரியாது. வேண்டாம் என்று விட்டோம்.

வாங்கியதோடு வேலை முடிவதில்லை. காற்றைப் புறப்படுமுன், ரயர் குளிர்ந்திருக்கும்போது அளக்கவேண்டும். இந்த ரயருக்கு முழுப் பாரத்தில் சதுர அங்குலத்துக்கு 65 இறாத்தல். காருக்கு அடிப்பது போல் 30 அடித்தால் 950 கிலோ என்ற எண்ணுக்குப் பொருளில்லை. ஓடிச் சூடான பின் அழுத்தம் கூடிக் காட்டும். அதைக் கண்டு காற்றைத் திறந்துவிடக் கூடாது. ஓட்டம் இல்லாத நாட்களில் சில்லுகளைக் கிடுகால் மறைத்து வைக்கச் சொன்னேன். செலவில்லாத காவல் அது. படகு ஏற்றக் கடற்கரைக்குப் போய் வந்தால் நன்னீரில் கழுவவேண்டும். உப்பு ரயரை அவ்வளவாகத் தின்னாது, றிம்மையும் பெயாரிங்கையும் தின்னும். நீண்ட ஓட்டத்தில் முதல் அரைமணி நேரத்தில் ஒரு தடவை நிறுத்தி, ஒவ்வொரு ரயரையும் புறங்கையால் தொட்டுப் பார்க்கவேண்டும். மற்ற மூன்றையும்விட ஒன்று சூடாக இருந்தால் அங்கே ஏதோ பிழை. மருமகன் இப்போது செட்டிகுளத்தில் ஒரு தேநீர்க் கடையில் நிறுத்தி இதைச் செய்கிறான். வேகம் 60 ஐத் தாண்டுவதில்லை என்று சொல்கிறான். நம்புகிறேன்.

ஐந்து ரயருக்கும் றிம்முக்குமாகக் கொடுத்த பணம் சிறிதன்று. பழைய ரயர்களைப் போல் பல மடங்கு. இறக்குமதி வாகனத்துக்குக் காணி விற்றுப் பணம் சேர்ப்பவர்கள், வெளிநாட்டிலிருந்து தம்பிக்கோ மைத்துனனுக்கோ உழவு இயந்திரமும் ரெயிலரும் வாங்கிக் கொடுப்பவர்கள் நம்மிடையே பலர். இயந்திரத்தின் குதிரைவலுவை விசாரிப்பார்கள், நிறத்தை விசாரிப்பார்கள். ரயரின் வயதை விசாரித்தவரை நான் கண்டதில்லை. அடுத்த முறை தொலைபேசியில் பேசும்போது அந்த நான்கு இலக்கங்களையும் பாரச் சுட்டெண்ணையும் கேட்டுப் பாருங்கள். தெரியாது என்று பதில் வந்தால், போய்ப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

ஓகஸ்ட் மாதத்தில் மடுத் திருவிழாவுக்கு மன்னார் வீதிகளில் மக்கள் நடந்து போவார்கள். குழந்தையைத் தோளில் வைத்த தகப்பன்மார், கைத்தடி ஊன்றிய கிழவிகள், பின்னால் சமையற் பாத்திரம் ஏற்றிய உழவு இயந்திரப் பெட்டிகள். அதே வீதியில்தான் நமது ரெயிலர்களும் ஓடுகின்றன. ரயர் வாங்கும்போது நாம் நமது வாகனத்துக்கு மட்டும் வாங்குவதில்லை, அந்த வீதியோரம் நடப்பவர்களுக்காகவும் வாங்குகிறோம். விலை கூட என்று மருமகன் முணுமுணுத்தபோது நான் சொன்னதும் இதுதான். ரெயிலரின் கருவிப் பெட்டி மூடியின் உட்புறத்தில் அவன் இப்போது வெள்ளைப் பூச்சால் எழுதி வைத்திருக்கிறான்: "ரயர் 2025. மாற்றுவது 2031. தேயாவிட்டாலும்."